கேம் நடுவில் கம்ப்யூட்டர் அடிக்கடி கிராஷ் ஆகிறதா? குமரி மாவட்டத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

சிஸ்டம் கேம் நடுவில் கிராஷ் ஆகிறது என்று கடையில் போய்ச் சொன்னால் வரும் முதல் பதில் பெரும்பாலும் "விண்டோஸ் போட்டுப் பார்ப்போம்" என்பதுதான். போட்டுக் கொடுப்பார்கள், கொஞ்ச நாள் ஓடும், மறுபடி அதே கதை. அடுத்து ராம் மாற்றுவோம், அதற்கடுத்து எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுக்கும் பெட்டி) மாற்றுவோம் என்று போய்க் கடைசியில் பழைய சிஸ்டத்தில் கேபினட் மட்டும்தான் மிஞ்சும். இப்படிக் காசு கரைவதற்குக் காரணம், எது கெட்டது என்று தெரியாமலேயே பார்ட்டைக் கழற்ற ஆரம்பிப்பதுதான். முதலில் ஆதாரம் சேருங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்புறம், நம்ம மாவட்டத்தில் இருந்தால் விசாரணையைச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் இருந்து தொடங்குங்கள். கரண்டும் உப்புக்காற்றும் ஈரமும் இங்கே செய்கிற வேலையை வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதலில்: எப்படி விழுகிறது?

"கிராஷ்" என்ற ஒரே சொல்லில் நாலைந்து வேறு வேறு கோளாறுகளை அடைத்துவிடுகிறோம். அடுத்த முறை நடக்கும்போது எரிச்சலில் பவர் பட்டனை அமுக்காமல், கொஞ்சம் கவனியுங்கள்.

லைட், ஃபேன் எல்லாம் ஒரே நொடியில் சட்டென்று அணைந்து, தானாக மறுபடி ஆன் ஆனாலோ செத்தது செத்தபடியே கிடந்தாலோ, சந்தேகம் முதலில் கரண்டு, யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ் பக்கம் போக வேண்டும், அடுத்து சூடு. படம் அப்படியே உறைந்து நின்று சத்தம் மட்டும் ஒரே துண்டாகத் திரும்பத் திரும்பக் கத்தினால் ராம், பிராசஸர், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு என்று எதுவாகவும் இருக்கலாம். மானிட்டர் கறுப்பாகி "நோ சிக்னல்" காட்டுகிறது, ஆனால் ஹெட்செட்டில் டிஸ்கார்டில் கூட்டாளி "லே, எங்க போன?" என்று கேட்பது தெளிவாக விழுகிறது என்றால் சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது, போனது கிராபிக்ஸ் கார்டோ அதன் டிரைவரோ (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்). கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்தால் டிரைவர், கேம் ஃபைல், நிலையில்லாத ராம் இந்த மூன்றையும் பாருங்கள். நீலத்திரை வந்தால் ஒரு வகையில் அதிர்ஷ்டம், அது போகும்போது ஒரு எண்ணை விட்டுவிட்டுப் போகும். புதிதாக அப்டேட் ஆன விண்டோஸ் 11-இல் அந்தத் திரை நீலத்துக்குப் பதில் கறுப்பாக வரும், விஷயம் ஒன்றுதான்.

ஒரு பழைய நோட்டில் குறித்துவையுங்கள்: தேதி, நேரம், எந்த கேம், தொடங்கி எவ்வளவு நேரத்தில், வெளியே மழையா, அந்த நேரத்தில் வீட்டில் தண்ணீர் மோட்டாரோ ஏசியோ ஓடிக்கொண்டிருந்ததா. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் ராத்திரி ஏழிலிருந்து பத்துக்குள் மட்டும் விழுகிற சிஸ்டங்களில் பாதி விடை அதில்தான் இருக்கும்.

விண்டோஸ் எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள்

முதல் வேலை, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துவது. ஸ்டார்ட் மெனுவில் "அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று தேடித் திறந்து, "ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி" பகுதியில் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை வந்தால் நின்று காட்டும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து "ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்று தேடித் திறங்கள். நாள்வாரியாக எந்தத் தேதியில் என்ன விழுந்தது, அன்றைக்கோ முந்தின நாளோ எந்த டிரைவர், எந்த அப்டேட் ஏறியது என்று ஒரே திரையில் காட்டும். ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் வரிசை சுத்தமாக இருந்து, அதற்கப்புறம் சிவப்புப் பெருக்கல் குறியாகக் கொட்டுகிறது என்றால் அந்தத் தேதியில் என்ன மாற்றினீர்கள் என்று யோசித்தாலே பாதி வேலை முடிந்தது.

பிறகு "ஈவென்ட் வியூவர்". அதில் "விண்டோஸ் லாக்ஸ்", உள்ளே "சிஸ்டம்". எல்லாரும் இங்கே வந்து "கர்னல்-பவர் 41" என்ற சிவப்பு வரியைப் பார்த்துவிட்டு "பவர்னு போட்டிருக்கு, எஸ்எம்பிஎஸ் போச்சு" என்று முடிவுகட்டுவார்கள். 41 சொல்வது அது இல்லை. சிஸ்டம் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுவிட்டது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, நீங்களே பவர் பட்டனைப் பிடித்து அமுக்கினாலும் அந்த வரி வரும். அதைத் திறந்து "டீட்டெயில்ஸ்" பகுதியில் "பக்செக்கோடு" என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுதவே நேரம் கிடைக்கவில்லை: கரண்டு போயிருக்கலாம், எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கலாம், சிஸ்டம் முழுசாக உறைந்திருக்கலாம். பூஜ்யம் இல்லை என்றால் நீலத்திரை வந்திருக்கிறது, எண்தான் துப்பு.

இந்த எண் இங்கே சாதாரணப் பத்தடிமான எண்ணாக இருக்கும், நீலத்திரையில் பார்க்கிற கோடு வேறு முறையில் இருக்கும், இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம். 278 என்றால் கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்றது. 292 என்றால் ஹார்டுவேரே தவறு என்று பிராசஸர் புகார் கொடுத்திருக்கிறது, பெரும்பாலும் ஓவர்கிளாக் (வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது), வோல்டேஜ், பிராசஸர் சம்பந்தம். 26 வந்தால் முதலில் ராமைச் சோதியுங்கள். 10, 59, 80 இவை மாறி மாறி, ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வந்தாலும் ராம் சந்தேகம்தான், ஒரே எண் ஒரே டிரைவர் பெயரோடு வந்தால் டிரைவர் சந்தேகம். 122, 239 இரண்டும் எஸ்எஸ்டி பக்கம் கைகாட்டும். 307 டிரைவர் அல்லது ஸ்டோரேஜ். இவை தீர்ப்பு அல்ல, எந்த வாசலில் முதலில் தட்டுவது என்பதற்கு மட்டும்.

அதே பட்டியலில் "டபிள்யூஹெச்இஏ-லாகர்" (ஹார்டுவேர் பிழை) என்று வருகிறதா, "டிஸ்ப்ளே 4101" (கிராபிக்ஸ் டிரைவர் நின்று மீண்டது) வருகிறதா, "டிஸ்க்" (எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் பக்கம்) என்ற பெயரில் 7, 51, 153 மாதிரி எண்கள் வருகின்றனவா என்றும் பாருங்கள். கிராஷ் ஆன நேரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னால் இருக்கிற வரிகள்தான் முக்கியம். அதற்கு அப்புறம் வருகிற சிவப்பெல்லாம் விழுந்ததன் விளைவு.

நீலத்திரை ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் "மினிடம்ப்" என்ற ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைல் சேரும். மைக்ரோசாஃப்டின் இலவச வின்டிபிஜி அதைத் திறந்து படிக்கும், அவ்வளவு தூரம் போக விருப்பமில்லை என்றால் நிர்சாஃப்டின் புளூஸ்கிரீன்வியூ போதும். அதில் விண்டோஸ் கர்னலின் (விண்டோஸின் மையப்பகுதி) பெயரே குற்றவாளியாக வந்தால் நம்பாதீர்கள், பிணம் கிடந்த வீட்டுக்காரனையே கொலைகாரன் என்பது போல அது. என்விடியா, ஏஎம்டி, ஆன்டி-சீட், நெட்வொர்க் கார்டு டிரைவர் பெயர் வந்தால் மட்டும் கவனியுங்கள்.

சுவரில் இருந்து தொடங்குங்கள்

நம்ம மாவட்டத்தில் கரண்டு லைன் தென்னந்தோப்புக்குள்ளும் ரப்பர் தோட்டத்துக்குள்ளும் புகுந்து வருகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்கு உண்டு, நடுவில் ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடியோடு கோடைமழை வேறு. காற்றடித்து மட்டை லைனில் உரசினால் லைட் ஒரு கண் சிமிட்டும், அவ்வளவுதான். ஃபேன் அதைக் கண்டுகொள்ளாது, டிவி சில நேரம் கண்டுகொள்ளாது, முழு லோடில் கேம் ஓடுகிற கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும். ஏனென்றால் உள்ளே வரும் கரண்டு நின்ற பிறகும் நல்ல எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது முழு லோடில் ஏறத்தாழ 16 மில்லிசெகண்டு, அதாவது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு. மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் அதுவும் கிடையாது.

வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓட்டுகிறவர்கள் இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள், "யுபிஎஸ்" என்றும் "இன்வெர்ட்டர்" அல்லது "நார்மல்" என்றும் எழுதியிருக்கும். நார்மலில் இருந்தால் மாறுவதற்கு எடுக்கும் நேரம் அதிகம், லைட் ஒரு துடிப்புத் துடிக்கும், சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் பலருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் (வழவழப்பில்லாத சதுர அலைக் கரண்டு தருவது) என்றால் கேமிங் சிஸ்டத்தை அதில் மாட்டவே மாட்டாதீர்கள்.

தனி யுபிஎஸ் வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்கச் சொல்வது. பெட்டி மேல் பெரிதாக 600 விஏ என்று போட்டிருப்பார்கள், ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் 360 வாட் என்று இருக்கும், உண்மையில் தாங்குவது அவ்வளவுதான். ஆஃபீஸ் கம்ப்யூட்டருக்கு அது தாராளம். கிராபிக்ஸ் கார்டு மட்டும் 200 வாட்டுக்கு மேல் இழுக்கிற சிஸ்டத்தையும் மானிட்டரையும் அதில் மாட்டினால் கரண்டு இருக்கும் வரை எல்லாம் சரியாக ஓடும், போன அந்த நொடியில் யுபிஎஸ் ஒரு நீளமான பீப் அடித்துவிட்டுக் கையை விரிக்கும். பேட்டரி இரண்டு மூன்று வருஷம் பழசானால் சின்ன லோடையே தாங்காது. இன்னொன்று, கரண்டு போகாமலே வோல்டேஜ் ஏறி இறங்கும்போது யுபிஎஸ்ஸுக்குள் "டிக், டிக்" என்று ரிலே மாறுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தமும் உங்கள் கிராஷும் ஒரே நேரத்தில் வருகிறதென்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

சோதிப்பது எளிது. இடிமழை இல்லாத ஒரு சாயங்காலம் யுபிஎஸ்ஸையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் விட்டுவிட்டு நேராகச் சுவர் பாயிண்டில் மாட்டி விளையாடுங்கள். விழவில்லை என்றால் சந்தேகம் யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கம் போக வேண்டும். அப்போதே அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஓட்டைகளைக் கூர்ந்து பாருங்கள், பிளாஸ்டிக்கில் பழுப்பாகக் கருகின வளையம் தெரிந்தாலோ, பிளக்கைச் செருகினால் தொளதொளவென்று ஆடினாலோ, குப்பையில் போடுங்கள். கேபினட் பின்னால் செருகுகிற பவர் கார்டும் அப்படித்தான், பழைய மானிட்டரோடு வந்த மெல்லிய கார்டைக் கேமிங் சிஸ்டத்துக்கு மாட்டியிருப்பார்கள், தொட்டால் சுடும்.

எர்த்திங். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுரீரென்று இழுக்கிறதா, ஹெட்செட்டில் உய்யென்று இரைச்சல் வருகிறதா? எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட். எர்த் குழியே இல்லாத பழைய ஓட்டு வீடுகள் நிறைய இருக்கின்றன, மூணு பின் பாயிண்ட் இருக்கும், மூணாவது ஓட்டையில் வயர் இருக்காது. கடற்கரை மணலிலும் காய்ந்த செம்மண்ணிலும் குழி இருந்தாலும் வேலை செய்யாமல் போவதுண்டு. இதை நீங்களே செய்துபார்க்க வேண்டாம். ராத்திரி மட்டும் வோல்டேஜ் இறங்குகிறதா என்பதையும் அவர் மீட்டரிலேயே பார்த்துவிடலாம், ஏழு மணிக்குமேல் ஒரு தடவை வரச்சொல்லுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கிற எஸ்எம்பிஎஸ்ஸுக்கு லோ வோல்டேஜ் பெரிய விஷயமில்லை, 200 முதல் 240 என்று ஸ்டிக்கர் ஒட்டிய மலிவு எஸ்எம்பிஎஸ் அங்கே தடுமாறும்.

இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவுங்கள். கூடவே மோடத்தில் இருந்து வருகிற லேன் கேபிளையும். ஃபைபர் கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது, ஆனால் மோடத்தின் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது, அதிலிருந்து செம்புக் கம்பி நேராக உங்கள் மதர்போர்டுக்குப் போகிறது.

கேபினட்டைத் திறக்கலாம்

பிளக்கை உருவி, பவர் பட்டனை ஒருமுறை அமுக்கி மிச்சக் கரண்டை வடித்துவிட்டுத் திறங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டர் ஆளைத் தூக்கிப்போடும்.

முட்டம் பக்கம் ஒரு நண்பன் வீட்டில் கடலுக்கு நேராக ஜன்னல், ஜன்னலுக்கு நேராகக் கம்ப்யூட்டர். "மழை தொடங்கினா இந்தப் பெட்டிக்குத் தீனம் வந்திரும் மக்கா" என்று அவன் அம்மா சொன்னார்கள், அவ்வளவு சரியான வர்ணனையை எந்த டெக்னீஷியனும் சொல்லவில்லை. கேபினட் திருகுகளின் தலை எல்லாம் துரு, ராமைக் கழற்றினால் தங்கநிறக் கால்களில் மூன்று நாலு இடத்தில் மங்கின பச்சைக் கறை, ஸ்லாட் பக்கத்தில் தூசி ஈரமாகிப் பசை மாதிரி ஒட்டியிருந்தது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரமான உப்புத்தூசி கொஞ்சம் கரண்டும் கடத்தும், அதனால்தான் வெயில் நாளில் ஓடுவது மழைநாளில் ஓட மறுக்கிறது. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி, பஞ்சு பிரியாத துணியில் தொட்டு ராம் கால்களையும் கிராபிக்ஸ் கார்டின் கால்களையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினோம். பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, அவசரத்துக்கு மெதுவாகச் செய்யலாம், ஆனால் துகளை முழுதாகத் தட்டிவிட வேண்டும், அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சே போய்விடும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி மாதிரி கடலை ஒட்டிய ஊர்களில் கம்ப்யூட்டரை ஜன்னலில் இருந்து தள்ளி வைப்பதும், வாரக்கணக்கில் அணைத்தே போடாமல் அவ்வப்போது ஓடவிடுவதும் உதவும்.

தூசி எடுக்கப் பஞ்சர் கடைக்குத் தூக்கிப்போய்க் கம்ப்ரசரில் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும். கையில் பிடிக்கிற சின்ன புளோயர் போதும், அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் காற்று வாசலில் எறும்புப் புற்று, பல்லி முட்டை இருக்கிறதா என்றும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள், சிரிப்பு வரும், ஆனால் இருக்கும்.

பிறகு கேபிள்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு பவர் வாய் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் போகட்டும், ஒரே கேபிளின் நுனியில் தொங்குகிற இரட்டை வாயில் ஒப்பேற்ற வேண்டாம். புது கார்டுகளில் வருகிற 16 பின் கனெக்டர் இடைவெளி தெரியாமல் கடைசி வரை உள்ளே போயிருக்க வேண்டும், அரைகுறையாகச் செருகினால் உருகும் என்பது உலகமே பார்த்த விஷயம்.

சூட்டைக் கணக்கில் பாருங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைச் சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து, அதில் "லாகிங்" பட்டனைத் தட்டிவிட்டு விளையாடுங்கள். கிராஷ் ஆனபின் அந்த ஃபைலின் கடைசி வரியைப் பார்த்தால் சாகும்போது சூடு எவ்வளவு இருந்தது என்று தெரியும். இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரி, ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95, 5000 வரிசை 90 அல்லது 95 என்ற உச்சவரம்பை வைத்துக்கொண்டு அதைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெறும் சூட்டால் உடனே அணைவது அபூர்வம், ஹீட்சிங்க் கழன்றிருந்தாலோ வாட்டர் கூலரின் பம்ப் நின்றிருந்தாலோதான் அப்படி நடக்கும். ஆனால் ஆசாரி செய்து தந்த டேபிளில் கதவு போட்ட அறைக்குள் கேபினட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மே மாத மத்தியானத்தில் கான்கிரீட் மாடியில் விளையாடினால் எந்த பார்ட்டும் தன் கடைசி எல்லையில்தான் நிற்கும். முதலில் அந்தக் கதவைக் கழற்றுங்கள்.

எல்லாவற்றையும் பிறந்தமேனிக்குக் கொண்டுவாருங்கள்

பயாஸில் (சிஸ்டம் ஆன் ஆகும்போது திறக்கிற மதர்போர்டு செட்டிங் திரை) போய் "லோட் டிஃபால்ட்ஸ்". ஓவர்கிளாக், அண்டர்வோல்ட், கர்வ் ஆப்டிமைசர் (இரண்டும் வோல்டேஜைக் குறைப்பவை), ராமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ராமை அதிக வேகத்தில் ஓட்டும் செட்டிங்) எல்லாம் போகட்டும். விண்டோஸில் ஆஃப்டர்பர்னர் (கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை மாற்றும் மென்பொருள்) செட்டிங்கையும் பழையபடி வையுங்கள். "எக்ஸ்எம்பி ராம் பெட்டியிலேயே போட்டிருக்கிற வேகம்தானே, அது எப்படி ஓவர்கிளாக் ஆகும்?" என்று வாதாடுவார்கள். ராமுக்குச் சரி, பிராசஸருக்குள் இருக்கிற மெமரி கண்ட்ரோலருக்கு அது ஓவர்கிளாக்தான், வருஷம் போகப்போக அது தாங்காமல் போவதும் உண்டு. இந்த நிலையில் இரண்டு மூன்று நாள் விளையாடிப் பார்த்து விழவில்லை என்றால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டால் எது என்று பிடிபடும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்ட வேண்டாம். அந்தப் பிராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தங்களையே தேய்த்துக்கொள்கிற கோளாறை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அதற்கான மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்கள் வந்தன, மதர்போர்டு பயாஸ் அப்டேட் மூலமாகத்தான் அவை வரும். அன்ரியல் எஞ்சின் கேம் தொடங்கும்போது கார்டில் மெமரி தாராளமாக இருந்தும் "அவுட் ஆஃப் வீடியோ மெமரி" என்று சொல்லி மூடிக்கொள்வது அதன் பிரபலமான அறிகுறி. அப்டேட் மேற்கொண்டு கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டியிருக்கிறார்கள், பில்லைத் தேடி எடுங்கள். பயாஸ் அப்டேட் செய்யும்போது கரண்டு போனால் மதர்போர்டு போகலாம், எனவே காற்று மழை நாளில் அதைத் தொடாதீர்கள்.

ரைசனில் விளையாடும்போது நன்றாக ஓடி, சும்மா டெஸ்க்டாப்பில் நிற்கும்போது விழுந்தால் பயாஸில் "பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்" என்பதை "டிபிகல் கரண்ட் ஐடில்" என்று மாற்றிப் பாருங்கள்.

ராம்

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி படுக்கும்போது ஓடவிடுங்கள், நாலு சுற்று முடியட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான், "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. தோற்றால் ஒரு ராமை மட்டும் போட்டு, பிறகு மற்றதை மட்டும் போட்டு, அதே ஸ்லாட்டில் சோதியுங்கள். இரண்டு ராம் என்றால் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில்தான் போட வேண்டும். முதலில் 8 ஜிபி வாங்கி, ஒரு வருஷம் கழித்து வேறு கம்பெனி 8 ஜிபி சேர்த்தவர்கள் தனித்தனியாகப் பாஸ் ஆகிச் சேர்ந்து தோற்பதைப் பார்க்கலாம், அங்கே இரண்டு ராமும் நல்லதுதான், ஜோடிதான் சேரவில்லை. டிடிஆர்5 சிஸ்டத்தில் ராம் மாற்றின பின் முதல்முறை திரை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கும், பதறி அணைக்காதீர்கள், அது ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும்

இந்த இரண்டையும் பிரிப்பதுதான் கஷ்டம். முதலில் டிரைவர்: டிடியூ என்ற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை இறக்கிக்கொண்டு, நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியத்தை மட்டும் வைத்து ஓடும் நிலை) போய்ப் பழைய டிரைவரை வேரோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். புதுசு எப்போதும் நல்லது என்றில்லை, போன மாதம் வரை ஒழுங்காக ஓடின வெர்ஷனுக்கே திரும்பிப் பாருங்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் ஆஃப்டர்பர்னரில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, கேமில் எஃப்பிஎஸ்ஸை 60-இல் பூட்டி விளையாடுங்கள். சட்டென்று அணைகிற சிஸ்டம் இப்போது அணையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வலுக்கிறது. கார்டுகள் சராசரியாக இழுப்பதைவிடக் கண நேரத்துக்கு மிக அதிகமாகக் குதித்து இழுக்கும், 2022-இல் வந்த, எஸ்எம்பிஎஸ் தயாரிப்புக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதியே எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இரண்டு மடங்கு வரையான குதிப்பை 100 மைக்ரோசெகண்டு தாங்க வேண்டும் என்கிறது. பழைய 550 வாட் பெட்டி கணக்குப்படி போதுமானதாக இருந்தும் அணைவது இதனால்தான்.

அடுத்து ஓசிசிடி என்ற சோதனை மென்பொருள். அதில் பிராசஸருக்குத் தனி டெஸ்ட், கார்டுக்குத் தனி டெஸ்ட், இரண்டையும் சேர்த்து இழுக்கிற பவர் டெஸ்ட் இருக்கின்றன. தனித்தனியாகப் பாஸ் ஆகி, சேர்த்து ஓட்டும்போது மட்டும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்தான். கார்டு டெஸ்டில் திரையில் கட்டம் கட்டமாகவோ வண்ணப் புள்ளிகளாகவோ சிதறினால் கார்டின் மெமரி மேல் சந்தேகம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள், ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த டெஸ்டைத் தவிர்ப்பதே நல்லது, போகும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகக்கூடியது அது.

எஸ்எஸ்டி, விண்டோஸ்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டி "குட்" என்று நீலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், மஞ்சள் என்றால் இன்றைக்கே பேக்கப். டிரைவ் நிரம்பி வழியாமல் கொஞ்சம் இடம் இருக்கட்டும். எவனோ வீடியோவில் சொன்னான் என்று விர்ச்சுவல் மெமரியை (ராம் போதாதபோது விண்டோஸ் டிரைவில் எடுத்துக்கொள்ளும் இடம்) அணைத்திருந்தால் திரும்ப "ஆட்டோமேட்டிக்" ஆக்குங்கள், 16 ஜிபி ராமிலும் புது கேம்கள் அது இல்லாமல் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும், மினிடம்ப் பதிவாவதற்கும் அது வேண்டும். ஆர்ஜிபி லைட் கண்ட்ரோல் செய்கிற மென்பொருள்கள், ஓவர்லே (கேம் திரைக்கு மேல் எதையாவது காட்டுவது), இரண்டு ஆன்டிவைரஸ் இதையெல்லாம் கொஞ்ச நாள் எடுத்துவிட்டுப் பாருங்கள். விண்டோஸ் புதிதாகப் போடுவது இத்தனைக்கும் அப்புறம்தான், அப்போதும் கேமையும் டிரைவரையும் மட்டும் ஏற்றிச் சோதியுங்கள், பழைய குப்பையை முதல்நாளே திரும்ப ஏற்றாதீர்கள்.

கடைக்குப் போகும்போது

பார்ட் மாற்றித்தான் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்தால் வாங்காமல் இரவல் வாங்குங்கள். நண்பனின் எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு மாட்டிப் பாருங்கள், மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால் அவன் பெட்டியின் கேபிள்களோடேயே வாங்க வேண்டும், உங்கள் பழைய கேபிளை அவன் பெட்டியில் செருகினால் பின் வரிசை மாறி எஸ்எஸ்டி புகைந்துவிடலாம். உங்கள் கார்டை அவன் சிஸ்டத்தில் போட்டு ஓட்டினால் இன்னும் தெளிவு. எஸ்எம்பிஎஸ், ராம், கார்டு, கடைசியில்தான் மதர்போர்டு, பிராசஸர் என்ற வரிசையில் போகலாம்.

வாரன்டி பில்லும் சீரியல் நம்பர் படமும் போனில் இருக்கட்டும். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய நகரம் என்றால் திருவனந்தபுரம்தான் கிட்ட, சில கம்பெனிகள் நேராகக் கூரியரில் வாங்கிக்கொள்ளும், கார்டை அனுப்புவதற்கு முன் எங்கே கொடுத்தால் எவ்வளவு நாள் என்று கம்பெனியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த பார்ட்டை வாரன்டியில் பல கம்பெனிகள் ஏற்காது, கடலோரத்துக்காரர்கள் வாங்கின அன்றைக்கே படம் எடுத்து வைப்பது நல்லது. கவுன்டரில் "கிராஷ் ஆகுது" என்று மட்டும் சொல்லாமல் நோட்டையும் 41-இன் பக்செக்கோடு எண்ணையும் எந்த டெஸ்டில் எத்தனை நிமிடத்தில் விழுந்தது என்பதையும் காட்டுங்கள், "விண்டோஸ் போட்டாச்சா?" என்ற கேள்வி தானாக நின்றுவிடும்.

சரியான பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை முதலில் போட்டு ஒரு வாரம், பிறகு மற்ற செட்டிங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக. நடுவில் மறுபடி விழுந்தால் கடைசியாகப் போட்டதை மட்டும் எடுங்கள்.